நாற்பத்து மூன்றாம் ஆண்டுப் பால்

அத்தியாயம் 6

முகுந்திடமிருந்து முதலில் பறிமுதல் செய்யப்பட்டது அவனுடைய நீல நிறப் பிளாஸ்டிக் பேனா. அடுத்தது கைபேசி. அதற்கடுத்தது கைக்கடிகாரம். காவலுக்கு நின்ற சிப்பாய் கடைசியாக அவனுடைய பாண்ட் ஜிப்பை உற்றுப் பார்க்க, முகுந்த் இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டான்.

“மேடம், அடுத்தது ஜிப்பாம். இதையும் பெட்டியில போட்டா நான் எந்த நூற்றாண்டுலயும் நடமாட முடியாது.”

“சேர்ட்டை வெளிய எடுத்து விடும் தம்பி. மறைஞ்சிடும்,” என்றாள் துசியந்தி.

துசியந்திக்கு ஐம்பத்து நான்கு வயது. லண்டனின் செவன் கிங்ஸில் ஒரு முடிதிருத்தும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறாள். அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளை எக்ஸ்ரே திரையில் பார்த்தவள். மீன் கருவாட்டுக்குள் தங்கச் சங்கிலியையும், பிள்ளையின் பால்மாவுக்குள் புருஷனின் சிகரெட்டையும் கண்டுபிடித்த கண்கள். உதவியாளன் முகுந்த் சென்னைக்காரன். மென்பொருள் சோதனையாளனாக இருந்து, கம்பெனி ஆட்குறைப்பு செய்தபோது முதலாவதாகக் குறைந்தவன். வாயை மட்டும் யாராலும் குறைக்க முடியவில்லை.

குட்மேய்ஸுக்கு அப்பால் இருந்த அந்தத் திடலில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ‘வாழும் வரலாறு’ கண்காட்சி. ஒரு மூலையில் ரோமாபுரிப் படை. இன்னொரு மூலையில் வைக்கிங் கொள்ளைக்காரர்கள், ஐஸ்கிரீம் வண்டியின் முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். நடுவில் கயிறு கட்டிய சதுரத்துக்குள், இரண்டாம் உலகப் போரை நடித்துக் காட்டும் கிழக்கு லண்டன் பர்மா அணி. வார நாட்களில் குழாய் திருத்துபவர், கவுன்சில் எழுத்தர், மருந்துக்கடைக்காரர் என்று பிழைக்கும் முப்பது பேர், இந்த இரண்டு நாளும் 1944ஆம் வருடத்துப் பர்மாக் காட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காடு என்பது தோட்டச் சாமான் கடையில் வாங்கிய இரண்டு தொட்டிப் பனைகள்.

கயிற்றுக்குள் ஒரே ஒரு சட்டம். 1945க்குப் பிறகு உலகத்துக்கு வந்த எதுவும் உள்ளே வரக்கூடாது. உறுப்பினர்கள் முப்பது பேரும் அதற்குப் பிறகு வந்தவர்கள்தான் என்பதை யாரும் கேட்பதில்லை.

துசியந்திக்கு ஒரு தாதியின் வெள்ளை மேலங்கி கொடுத்தார்கள். முகுந்துக்குக் கொடுத்த தொப்பி அவன் காதுகளில் வந்து நின்றது. அந்தக் கோலத்தில் இருவரும் சமையல் கூடாரத்துக்குப் போனார்கள். அங்கே அவர்களை வரவழைத்த நகுலேஸ்வரி காத்திருந்தாள்.

நகுலேஸ்வரிதான் அணியின் சமையற்காரி. மாவுப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்த கைபேசியில்தான் துசியந்தியை அழைத்திருந்தாள்.

“நல்ல வேளை வந்தீங்கள் அக்கா. நாலு மணிக்குச் சண்டை. சண்டை முடிஞ்ச கையோட பொலிசைக் கூப்பிடுறன் எண்டு எங்கட அணித் தலைவர் மேஜர் நிக்கிறார்.”

“நாற்பத்து நாலுல எப்படிக் கூப்பிடுவாரு? புறா விடுவாரா?” என்றான் முகுந்த்.

“சும்மா இரும் தம்பி. நகுலா, முதலில இருந்து சொல்லும்.”

நகுலேஸ்வரி சொன்னாள். அவளுடைய அக்காவின் மகன் அபிஷன், அணியின் களஞ்சியப் பொறுப்பாளன். டெஸ்மண்ட் என்ற வெள்ளைக்கார உறுப்பினர் இன்று காலை ஆறரைக்குத் தன் தகப்பனார் பர்மாப் போரிலிருந்து கொண்டுவந்த ஒரு பால் டின்னை அவனிடம் கொடுத்தார். 1943இல் அடைத்த தகரப்பால். இன்றுவரை திறக்காதது. அபிஷன் அதைக் காட்சித் தட்டில் வைத்தான். பதினொரு மணிக்கு டெஸ்மண்ட் தன் பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது டின் இல்லை.

“களஞ்சியத்தில நிண்டது அபிஷன் மட்டுந்தான். அதால அவன்தான் கள்ளன் எண்டு எல்லாருக்கும் முன்னால மேஜர் சொல்லிப் போட்டார். அவனுக்குத் திங்கட்கிழமை விமான நிலையத்தில வேலை தொடங்குது அக்கா. பாஸ் கைக்கு வந்திட்டுது. ரெண்டு வருசம் வேலை தேடினவன். களவு எண்டு ஒரு சொல் பொலிசில பதிஞ்சா...”

“பாஸைத் திருப்பி வாங்கிப் போடுவாங்கள். பிறகு விசாரிச்சு முடிய ஆறு மாசம்.” துசியந்திக்கு அது நன்றாகத் தெரியும். அவளோடு வேலை செய்த இரண்டு பேர் அப்படிப் போனார்கள். அவர்களில் ஒருத்தி ஒரு தப்பும் செய்யாதவள்.

நகுலேஸ்வரிக்குக் கண் கலங்கியது. மேலங்கியில் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்குத் தகரக் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். முகுந்த் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

“இது சாதாரணமாத்தான் இருக்கு.”

“காலமை போட்ட ரீ திறம். மேஜர் ரெண்டு கோப்பை குடிச்சவர். இதுதான் அசல் போர்முனை ருசி எண்டு சனத்துக்குப் பிரசங்கமும் வைச்சவர். நான் யாழ்ப்பாணத்தில உண்மையான செல்லடிக்குள்ள தேத்தண்ணி ஊத்தினனான். அதை ஒருத்தரும் டிக்கெட் எடுத்துப் பாக்கேல்லை.”

வெளியே ஒரு வைக்கிங்கிடம் முகுந்த் மணி கேட்டான். அந்த அணியில் கைக்கடிகாரத்துக்குத் தடை இல்லை. மணி மூன்று பத்து.

*

களஞ்சியக் கூடாரத்தில் அபிஷன் ஒரு மரப்பெட்டியின் மேல் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். இருபத்து நான்கு வயது. காட்டுப்பச்சைச் சீருடை தோளில் தொங்கியது.

“அன்ரி, ஐ ஸ்வேர், நான் எடுக்கேல்லை.”

“காலமை களஞ்சியத்துக்கு வேற ஆர் வந்தது?”

“மேஜர், ஏழரைக்குப் பரிசோதனைக்கு. எல்லாச் சாமானையும் பாத்துப் புத்தகத்தில குறிச்சு வைப்பார். டெஸ்மண்ட் தந்த டின்னைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அதுக்குள்ள அவர் என்ர தாடியைப் பாத்திட்டார். நாற்பத்து நாலில சோல்ஜர் தாடி வைக்கிறேல்லை, உடன போய் ஷேவ் பண்ணு எண்டு கலைச்சு விட்டார்.”

“எதால ஷேவ் பண்ணினனி?”

அபிஷன் கூடாரத்தின் கம்பத்தைப் பார்த்தான். “கத்தி. மடக்குக் கத்தி. அதுதான் ரூல்.”

“முந்தி அதைப் பிடிச்சிருக்கிறியோ?”

“இல்லை.”

துசியந்தி அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள்.

“முதல் முதல் மடக்குக் கத்தி பிடிச்சவன்ர முகத்தில ஒரு கீறல் கூட இல்லை. முகுந்த், நீர் என்ன நினைக்கிறீர்?”

“நான் அஞ்சு பிளேடு ரேஸர்லயே ரத்த தானம் பண்றவன் மேடம்.”

அபிஷன் எழுந்து கூடாரத்தின் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்து ரகசியக் குரலில் சொன்னான். “கார் பார்க்குக்குப் போனனான். காருக்குள்ள பிளாஸ்டிக் ரேஸர் ஒண்டு வைச்சிருந்தனான். இருபது நிமிசம். திரும்பி வந்து தட்டைக் கவனிக்கேல்லை. பிளீஸ், மேஜருக்குச் சொல்லாதேங்கோ.”

“களவெண்டு பொலிஸ் வரப்போகுது. நீ ரேஸருக்குப் பயப்பிடுறாய்!”

“களவெண்டா விசாரிப்பினம் அன்ரி. பிளாஸ்டிக் எண்டா விசாரணை இல்லை. நேர வெளிய.”

“அந்த இருபது நிமிசமும் இந்தக் கூடாரத்துக்குள்ள ஆர்?”

“மேஜர் மட்டும்.”

முகுந்த் தொடையில் தட்டினான். “முடிஞ்சுது மேடம்! பழைய சாமான் பைத்தியம், தனியா இருபது நிமிஷம், பக்கத்துல எண்பது வருஷத்து டின். மேஜரே அடிச்சுட்டாரு. அதனாலதான் முதல் ஆளா கத்துறாரு.”

“கெட்டித்தனமான யோசனை,” என்றாள் துசியந்தி. அவள் அப்படிச் சொன்னால் அந்த யோசனை தவறு என்று பொருள். முகுந்துக்கு அது இன்னும் பிடிபடவில்லை.

அவள் காட்சித் தட்டின் முன் போய் நின்றாள். ஐந்து பால் டின்கள். எல்லாவற்றிலும் ஒரே லேபிள், ஒரே எழுத்து, 1943 என்ற ஒரே வருடம். ஓரங்கள் கிழிந்து, பழுப்பேறி, பார்க்கவே பரிதாபமாக இருந்தன. ஒரு டின்னை எடுத்துத் தலைகீழாகத் திருப்பினாள். அடியில் இழுத்துத் திறக்கும் வளையம் இருந்தது. மற்ற நான்கையும் திருப்பினாள். எல்லாவற்றிலும் வளையம்.

“போன மாதம் கடையில வாங்கினது. லேபிளை மட்டும் நாங்கள் பிரிண்ட் பண்ணி, டின்னைத் தலைகீழா வைச்சு ஒட்டிறது. வளையம் சனத்தின்ர கண்ணில படக்கூடாது,” என்றான் அபிஷன். “சமையல் கூடாரத்தில பாவிக்கிற டின்னுக்கும் இதே லேபிள்தான்.”

“இந்தப் பழுப்பு நிறம்?”

“பிளேன் ரீக்குள்ள ஊறப் போட்டு, பிறகு கேக் சுடுற அவனில பத்து நிமிசம். அம்மாதான் செய்து தாறவ. மேஜர் தன்ர கையால செக் பண்ணி, இன்னும் கொஞ்சம் பழசாக்கு, இன்னும் கொஞ்சம் பழசாக்கு எண்டு மூண்டு தரம் திருப்பி அனுப்பினவர்.”

அப்போது கூடாரத்துக்குள் டெஸ்மண்ட் வந்தார். எழுபத்து நான்கு வயது. முப்பது வருடம் 86ஆம் இலக்க பஸ் ஓட்டி ஓய்ந்தவர். அவர் பேசியது ஆங்கிலம்தான். இந்தப் புத்தகத்துக்குள் வந்துவிட்டதால் அவரும் தமிழில் பேசவேண்டியிருக்கிறது.

“எனக்குப் போலீஸ் வேண்டாம் அம்மா. பையனை எனக்குத் தெரியும். என் டின் கிடைத்தால் போதும். அதை முதல் முறையாக இன்றைக்குத்தான் வீட்டை விட்டு வெளியே எடுத்தேன்.” சொல்லிவிட்டு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

“உங்கள் அப்பா அதை எங்கே வைத்திருந்தார்?”

“கம்பளிக் காலுறைக்குள் போட்டு, மேசை இழுப்பறையின் அடியில். வெயில் பட்டதே இல்லை.”

“பார்க்க எப்படி இருக்கும்?”

டெஸ்மண்டின் முகம் முதல் முறையாக மலர்ந்தது. “என்னைவிட இளமையாக இருக்கும். லேபிள் பளபளவென்று, நேற்றுக் கடையில் வாங்கியது போல.”

துசியந்தி ஐந்து கிழட்டு டின்களையும் இன்னொரு தடவை பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். முகுந்த் அவளிடம் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அவள் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தான்.

*

மேஜர் பாஸ்கரன் மண்மூட்டைகளின் மேல் ஏறி நின்று நாலு மணிச் சண்டைக்கு ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்தார். திங்கள் முதல் வெள்ளி வரை அவர் டாக்டர் பாஸ்கரன், கோயம்புத்தூர்க்காரர், ஹவுன்ஸ்லோவில் பல் வைத்தியர். சனிக்கிழமை காலை மீசைக்கு மெழுகு தடவியதும் மேஜர். சட்டைப் பையில் பழைய பவுண்டன் பேனா ஒன்று செருகியிருந்தது. கையில் பென்சிலும் ஒரு குறிப்புப் புத்தகமும். கயிற்றுக்கு வெளியே நல்ல கூட்டம் சேர்ந்திருந்தது.

“நீங்கதான் அந்த டிடெக்டிவ் அம்மாவா? கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்லைங்க. பையன் எடுத்துட்டான். அவ்வளவுதான்.”

“இருக்கட்டும் டொக்டர்...”

“மேஜர்.”

“இருக்கட்டும் மேஜர். காலமை பரிசோதனையில எல்லாச் சாமானையும் பாத்துக் குறிச்சு வைக்கிறனீங்களாம். மெய்யோ?”

மேஜரின் நெஞ்சு நிமிர்ந்தது. “ஒரு பட்டன்கூட என் கண்ணுல தப்பாதுங்க. போலி எது, அசல் எதுன்னு பத்தடி தூரத்துல சொல்லிருவேன்.”

“களஞ்சியக் கூடாரத்தின்ர பக்கத்தை ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்கோ.”

முகுந்த் அவள் காதருகே குனிந்தான். “மேடம், திருடனே வாக்குமூலம் வாசிப்பானா?”

“வாசிப்பார். தான் எழுதினதை வாசிக்கிறதில அவருக்குச் சரியான விருப்பம்.”

மேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கூட்டத்துக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வாசித்தார். “போர்வை நாலு, சரி. அரிக்கேன் விளக்கு ரெண்டு, சரி. தண்ணிக் குடுவை பன்னெண்டு, சரி. பால் டின் ஆறு. அஞ்சு டின், பிரமாதம். ஒரு டின்...”

நின்றுவிட்டார்.

“ஒரு டின்?” என்றாள் துசியந்தி.

மேஜரின் கண் அந்த வரியில் இருந்து நகரவில்லை. மெழுகு தடவிய மீசையின் ஒரு முனை மெல்லத் துடித்தது.

“நான் வாசிக்கட்டுமா சார்?” முகுந்த் எட்டிப் பார்த்து வாசித்தான். “‘ஒரு டின், படு மோசமான போலி. நேற்று அச்சடித்தது போன்ற லேபிள். பார்வையாளர் கண்ணில் படக்கூடாது. சமையல் கூடாரத்துக்கு அனுப்பப்பட்டது. ஏழு முப்பத்தெட்டு.’ கையெழுத்து, மேஜர் பாஸ்கரன்.”

தூரத்தில் ரோமாபுரிப் படை எதற்கோ ஆர்ப்பரித்தது.

“அஞ்சு போலியையும் தேயிலைச் சாயத்தில ஊற வைச்சு, அவனில சுட்டு, எண்பது வருசப் பழசாக்கி வைச்சிருக்கிறியள்,” என்றாள் துசியந்தி. “அசல் வந்து பக்கத்தில நிக்கேக்க அதுதான் போலியாத் தெரிஞ்சிருக்கு. விமான நிலையத்திலயும் இப்பிடித்தான் டொக்டர். போலிக் கைப்பையில தையல் ஒண்டும் பிசகாது. அசல் பைதான் கொஞ்சம் கோணலா வரும்.”

“அப்ப இவர் திருடல,” என்றான் முகுந்த். “அதைவிடப் பெரிய வேலை பார்த்திருக்காரு.”

மேஜர் மண்மூட்டையிலிருந்து குதித்து ஓடினார். பின்னால் துசியந்தி, முகுந்த், அபிஷன், டெஸ்மண்ட். அவர்களுக்குப் பின்னால், தாக்குதல் தொடங்கிவிட்டது என்று நினைத்த பதினைந்து சிப்பாய்கள் துப்பாக்கியோடு ஓடினார்கள். கூட்டம் கைதட்டியது.

*

சமையல் கூடாரத்தில் நகுலேஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மேஜர் அனுப்பின டின்னோ? ஓம், வந்தது. காலமை பத்து மணி ரீக்கு அதைத்தான் முதலில எடுத்தனான். மற்றதெல்லாத்துக்கும் அடியில வளையம் இருக்கும். இதுக்கு ரெண்டு பக்கமும் ஒண்டும் இல்லை. பிறகு ஆணியால ரெண்டு ஓட்டை போட்டு ஊத்தினன். பால் மண்ணிறமா, சீனிப் பாணி மாதிரி கெட்டியா வந்தது. இது புதுசா வந்த கரமல் பாலாக்கும் எண்டு நினைச்சு... ஐயோ!”

அவள் கையிலிருந்த வெங்காயம் உருண்டு போனது. மேசைக்கு அடியில் இருந்த சாக்கை அபிஷன் கவிழ்த்தான். வெற்று டின்கள் கலகலவென்று விழுந்தன. துசியந்தி ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பினாள். வளையம், வளையம், வளையம். ஒன்பதாவது டின்னில் வளையம் இல்லை. மேலே இரண்டு ஆணித் துளைகள். லேபிள் பளபளவென்று இருந்தது.

மேஜரின் கை தானாக வயிற்றுக்குப் போனது.

“நான் ரெண்டு கோப்பை குடிச்சேன்.”

“பிரசங்கம் வேற செஞ்சீங்களாம். அதுல மட்டும் உங்க கணிப்பு தப்பல சார். நூறு சதவீதம் அசல் ருசி,” என்றான் முகுந்த்.

டெஸ்மண்ட் டின்னைக் கையில் வாங்கினார். யாரும் அவர் முகத்தைப் பார்க்க விரும்பவில்லை. மேஜர் தொப்பியைக் கழற்றினார்.

“டெஸ்மண்ட், என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் அப்பா கொண்டுவந்து, எண்பது வருடம் திறக்காமல் இருந்தது. இறந்துபோன தோழர்களின் நினைவாகத்தானே வைத்திருந்தார்...”

“இல்லை,” என்றார் டெஸ்மண்ட். “அப்பாவுக்குப் பால் போட்ட தேநீர் பிடிக்காது.”

அதைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. சிரிப்பும் கூட வந்தது. நகுலேஸ்வரி அவர் கையிலிருந்த டின்னை வாங்கினாள். கொதிக்கும் தண்ணீரை ஒரு துளையால் ஊற்றி, விரல்களால் இரண்டு துளையையும் பொத்திக் குலுக்கி, ஒரு கோப்பையில் வடித்தாள். பால் டின்னை அலசாமல் எறிந்த யாழ்ப்பாணத்துக்காரி இன்னும் பிறக்கவில்லை. இன்று காலை தேநீர் வரிசையின் அவசரத்தில் மறந்திருந்தாள்.

“காலையில் எனக்குத் தேநீர் கிடைக்கவில்லை. வரிசை நீளம்,” என்றார் டெஸ்மண்ட். அந்த வெளிர் பழுப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் குடித்தார். “மோசமில்லை. அப்பா கொஞ்சம் பிடிவாதக்காரர்.”

மேஜர் அபிஷனின் பக்கம் திரும்பினார். “தம்பி, ஸாரிப்பா. ஏதோ அவசரத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சுக்காத.”

அபிஷன் பரவாயில்லை என்று தலையாட்டப் போனான். நகுலேஸ்வரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“கள்ளன் எண்டதை முப்பது பேருக்கு முன்னால சொன்னவர். இதை மட்டும் வாயால சொன்னாக் காணாது. இவன்ர தேப்பன் ஒரு விசாக் கடிதத்துக்காகப் பதினொரு வருசம் காத்துக்கொண்டு இருந்தவர். இந்த நாட்டில எழுத்தில இல்லாதது ஒண்டும் நடக்காதது மாதிரி. எழுதித் தரச் சொல்லுங்கோ அக்கா.”

மேஜர் குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துப் பென்சிலை எடுத்தார்.

“பென்சிலாலையோ?” என்றாள் துசியந்தி. “ஆரும் அழிச்சுப்போட்டு வேற எழுதுறதுக்கோ?”

மேஜர் சட்டைப் பையிலிருந்த பவுண்டன் பேனாவை எடுத்து உதறினார். அதில் மை இல்லை. அது அழகுக்கு வைத்திருந்தது.

“கவலையே படாதீங்க சார்,” என்றான் முகுந்த். “வாசல் பெட்டியில என் பேனா இருக்கு. பிளாஸ்டிக். நீல மை. சத்தியமா நாற்பத்து அஞ்சுக்கு அப்புறம் பிறந்தது.”

மேஜர் கயிற்றோரமாக நடந்தார். துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களும், கூட்டமும், ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு ஒரு வைக்கிங்கும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பறிமுதல் பெட்டியை அவரே திறந்தார். சாமான்களுக்கு நடுவே கிடந்தது ஒரு விமான நிலையப் பாஸ். பளபளக்கும் புதுப் பிளாஸ்டிக். அதில் அபிஷன் தாடியோடு, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தான். மேஜர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அதன் பக்கத்தில் கிடந்த நீலப் பேனாவை எடுத்து, பெட்டி மூடியின் மேலேயே தாளை வைத்து எழுதினார். எழுதி முடித்துப் பாஸையும் தாளையும் அபிஷனிடம் நீட்டினார்.

தாளைத் துசியந்தி இடையில் வாங்கி வாசித்தாள். அபிஷன் எதையும் எடுக்கவில்லை என்றும், தவறு முழுவதும் தன்னுடையது என்றும் தெளிவாக எழுதியிருந்தது. கீழே கையெழுத்து. அதற்குக் கீழே திகதி. அவள் தாளைத் திருப்பி அவரிடமே கொடுத்தாள்.

“வருசத்தை மாத்துங்கோ டொக்டர். 1944 எண்டு போட்டிருக்கிறியள். அப்ப இவனும் பிறக்கேல்லை, இவன் வேலைக்குப் போற விமான நிலையமும் திறக்கேல்லை.”

இந்தத் தடவை அவர் ‘மேஜர்’ என்று திருத்தவில்லை. வருடத்தை வெட்டிச் சரியாக எழுதினார். அபிஷன் தாளை நாலாக மடித்து, பாஸின் பின்னால் வைத்துச் சட்டைப் பைக்குள் போட்டு மூடிக்கொண்டான்.